ஆற்றோரக் காட்டில் ஒரு சுற்றுநடை

மும்பைத் தமிழராகிய நாம் காடு காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. போரிவ்லியிலேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா உண்டு. துளசி ஏரியினின்று வரும் தஹிசர் ஆறு அதனூடே ஓடுகிறது.

அங்கே சுற்றுநடை வகுக்குமுன் ஓர் உண்மையை உணர்வோம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதை ஆற்றை ஒருமுறை கடந்தால், மறுமுறையும் கடந்தே தீரவேண்டும். காலையில் கணுக்காலை நனைத்த நீர், மலைமேல் மழை பெய்தால், மாலையில் இடுப்பளவு எழலாம். நாம் அக்கரையில் அகப்படுவோம். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இந்நகர் அறியும்.

ஆதலின் மழைக்காலத்தில், வனத்துறை அனுமதிக்கும் பாதைகளுள் ஆற்றைக் கடவாததையே தேர்வோம். சிறுத்தை உலவும் காடாதலால், பொழுது சாயுமுன் வாயிலை அடையுமாறு நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவோம். அக்கணக்கில் குழந்தைகளின் நடையே அளவுகோலாகட்டும்.