பீட்சாவைத் தலைகீழாகப் பார்ப்போம்

“பீட்சா உடம்புக்கு ஆகாது” என்பவர்களும் “வீட்டில் செய்தால் ஒன்றும் செய்யாது” என்பவர்களும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறார்கள்: மேல்பக்கத்தை. முன்னவர் கண்ணில் சீஸ் படுகிறது. பின்னவர் அந்தச் சீஸைக் கொஞ்சம் குறைத்து, குடைமிளகாயும் மக்காச்சோளமும் தூவி மனதைத் தேற்றிக்கொள்கிறார். அடியில் கிடக்கும் ரொட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது பெரும்பாலும் பாக்கெட்டில் வாங்கிய மைதா பேஸ்.

ஆனால் பீட்சா முதலில் ஒரு ரொட்டி. மற்றதெல்லாம் அதன் மேல் பூசியதும் தூவியதும்தான். அது நல்ல உணவா, கெட்ட உணவா என்ற கேள்விக்கும் பாதிக்கு மேல் பதில் அடியில்தான் இருக்கிறது.

நேபிள்ஸ் நகரத்துக் கணக்கு

இத்தாலியின் நேபிள்ஸ் நகரத்துப் பீட்சாவுக்கு எழுதிவைத்த இலக்கணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் அதைப் பாரம்பரியப் பண்டமாகப் பதிவு செய்தது. 2017-ல் அந்த நகரத்துப் பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இலக்கணம் எளிமையானது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர பிசையும்போது வேறெதுவும் சேர்க்கக் கூடாது. எண்ணெயும் சர்க்கரையும் கிடையாது. குறுக்களவு 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மார்கரீட்டா வகைக்கு மேலே 60 முதல் 80 கிராம் தக்காளி, 80 முதல் 100 கிராம் மொசரெல்லா, நான்கைந்து கிராம் ஆலிவ் எண்ணெய், சில துளசியின இலைகள். அவ்வளவுதான்.

இதைக் கலோரியாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு பீட்சாவுக்குப் பிசைந்த 250 கிராம் உருண்டையில் மாவு மட்டும் 155 கிராம் அளவுக்கு இருக்கும். அதிலிருந்து 540 கலோரி. சீஸிலிருந்து ஏறக்குறைய 240, எண்ணெயும் தக்காளியும் சேர்ந்து 60. ஆக, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு அடியில் இருக்கும் ரொட்டியிலிருந்தே வருகிறது. சீஸைப் பாதியாகக் குறைத்தால் 120 கலோரி குறையும். மாவை மாற்றினாலோ நார்ச்சத்து, தாதுச்சத்து, வயிறு நிறையும் உணர்வு எல்லாமே மாறிவிடும்.

பாரம்பரியம் என்பதாலேயே எல்லாம் உடம்புக்கு நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே இலக்கணம் 1 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 55 கிராம் உப்பு கேட்கிறது. கணக்குப் போட்டால் ஒரு பீட்சாவின் ரொட்டியிலேயே 4 கிராமுக்கு மேல் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே நேபிள்ஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் சிக்கனத்தை. உப்பை அங்கேயே விட்டுவிடலாம்.

தவிடு செய்யும் குறும்பு

கோதுமை மணியில் மூன்று பகுதிகள்: வெளியே தவிடு, ஓரத்தில் முளை, நடுவே மாவுச்சத்து. மைதா என்பது நடுப்பகுதி மட்டும். 100 கிராம் ஆட்டா மாவில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது; மைதாவில் 3 கிராம்கூட இல்லை. அப்படியானால் முழுக்க ஆட்டாவில் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்தவர்களுக்குத் தெரியும், கனத்த சப்பாத்தி மேல் சீஸ் போட்டதுபோல வந்து நிற்கும்.

காரணம் குளூட்டன். கோதுமையில் கிளையாடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு இந்த வலைக்குள் சிக்கித்தான் மாவு உப்புகிறது. தவிட்டுத் துகள்களின் கூரிய விளிம்புகள் அந்த வலையைக் கிழிக்கின்றன. அதோடு தவிடு தண்ணீரை மெதுவாக, நிறையக் குடிக்கும். பிசையும்போது சரியாகத் தெரிந்த மாவு அரை மணி கழித்து இறுகிப்போவது அதனால்தான்.

தீர்வு இரண்டு. ஒன்று, பாதி ஆட்டா, பாதி மைதா என்று தொடங்குவது. கை பழகியபின் ஆட்டாவைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு, தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, உப்பும் ஈஸ்ட்டும் சேர்க்காமல் மாவை அரை மணி சும்மா வைப்பது. இந்த ஓய்வை ரொட்டித் தொழிலில் நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு ரொட்டி வல்லுநர் ரேமோன் கால்வெல். அந்த நேரத்தில் தவிடு ஊறி மென்மையாகிறது. குளூட்டன் வலையும் யாரும் கைவைக்காமலே உருவாகத் தொடங்குகிறது.

மூன்று பேருக்கான அளவு இது: ஆட்டா 150 கிராம், மைதா 150 கிராம், தண்ணீர் 200 மில்லி, தயிர் 2 மேசைக்கரண்டி, உப்பு 4 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. சர்க்கரை தேவையில்லை, ஈஸ்ட்டுக்கு வேண்டிய இனிப்பை மாவில் உள்ள நொதிகளே மாவுச்சத்தை உடைத்துக் கொடுத்துவிடும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும். பயந்து மேலும் மாவு தூவக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு நான்கு பக்கமும் இழுத்து மடித்தால் போதும். அரை மணி இடைவெளியில் இதை மூன்று தடவை செய்தால் மாவு தானாக வழவழப்பாகிவிடும். ஜிம் லேஹி என்ற ரொட்டிக்காரரின் பிசையாத ரொட்டி முறையை நியூயார்க் டைம்ஸ் 2006-ல் வெளியிட்டது. அதன்பின் வீட்டில் ரொட்டி சுடுகிறவர்கள் பலர் பரவலாக ஒப்புக்கொண்ட உண்மை இது: ஈரமும் நேரமும் கொடுத்தால் கைவலி மிச்சம்.

புளிப்பது வெறும் உப்பலுக்காக அல்ல

இட்லி மாவைப் புளிக்க வைப்பதன் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பீட்சா மாவிலும் அதே மாதிரியான வேலைதான் நடக்கிறது. இங்கே முன்னின்று செய்வது ஈஸ்ட். மடித்த மாவை ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜுக்குள் 24 முதல் 48 மணி நேரம் விட வேண்டும். குளிரில் ஈஸ்ட்டின் வேகம் தணிகிறது. நொதிகள் மட்டும் நிதானமாக வேலையைத் தொடர்கின்றன. மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாகிறது, புரதம் இளகுகிறது, மணம் கூடுகிறது.

உடம்புக்கான லாபம் இரண்டு. தவிட்டில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும், ஃபைட்டிக் அமிலம் அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலில் சேரவிடாது. கோதுமையிலேயே இருக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி இந்த அமிலத்தை உடைக்கும். அதற்கு ஈரமும் நேரமும் லேசான புளிப்பும் வேண்டும். தயிர் சேர்ப்பது அந்தப் புளிப்புக்காகத்தான். குளிரில் இந்த நொதியும் மந்தமாகும் என்பதால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபின் இரண்டு மணி நேரம் வெளியே வைப்பது நல்லது.

இரண்டாவது லாபம் பலருக்குத் தெரியாதது. மாவுப் பண்டங்களை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகிறது என்று 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதற்கு மூலப்பொருள் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம். மைதாவைவிட முழுக்கோதுமையில் அது அதிகம். ஆனால் ஈஸ்ட் அதை விரும்பி உண்ணும். நிதானமாகப் புளித்த மாவில் அக்ரிலமைடுக்கான சரக்கு குறைந்துவிடுகிறது. மிச்சத்தைச் சுடுகிறவர் பார்த்துக்கொள்ளலாம்: ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும், கருக விடக் கூடாது.

மறுநாள் மாவு தயாரா என்று பார்க்கக் கண்ணாடிப் பாத்திரம் வசதி. பக்கச் சுவரில் சிறிதும் பெரிதுமாகக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்தால் காரமில்லாத, பழம் கனிந்தது போன்ற வாசனை வரும். மாவு தொட்ட விரலால் அழுத்தினால் குழி மெல்லப் பாதிவரை மேலே எழும். சட்டென்று முழுதும் எழுந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். எழவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது. மூன்று உருண்டைகளாக்கி, பூரிக்கட்டை இல்லாமல் நடுவிலிருந்து விரல்களாலேயே தட்டி விரிக்க வேண்டும். கட்டையால் தேய்த்தால் ஒரு நாள் காத்துச் சேர்த்த வாயுவெல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும்.

அடுப்பின் இயற்பியல்

நேபிள்ஸ் இலக்கணப்படி விறகடுப்பின் தரை சுமார் 485 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். பீட்சா 60 முதல் 90 நொடியில் வெந்துவிடும். வீட்டு ஓவன் 230 அல்லது 250 டிகிரியோடு நின்றுவிடுகிறது. ஆண்ட்ரே வர்லமோவ், ஆண்ட்ரியாஸ் கிளாட்ஸ் என்ற இயற்பியலாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலையே கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். செங்கல் சூட்டை மெதுவாகக் கடத்தும். அதனால் 330 டிகிரித் தரையிலும் பீட்சாவின் அடி கருகாமல் இரண்டு நிமிடத்தில் வேகும். இரும்பு வேகமாகக் கடத்தும். ஆகவே 230 டிகிரியில் 170 நொடியில் அதற்கு இணையான வேக்காடு கிடைக்கும் என்பது அவர்கள் கண்ட விடை.

இதை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பிடியோ மரப்பிடியோ இல்லாத கனமான இரும்புத் தோசைக்கல்லை ஓவனுக்குள் வைத்து, முழுச் சூட்டில் 40 நிமிடம் காய விட வேண்டும். விரித்த மாவை அதன் மேல் போட்டால் அடி உடனே பிடித்துக்கொள்ளும். மேல்சூடு குறைவு என்பதால் நடைமுறையில் ஏழெட்டு நிமிடம் ஆகும். இவ்வளவு நேரம் வெந்தால் மாவு உலர்ந்து வறட்டி ஆகாதா? அதற்குத்தான் தண்ணீர் தாராளமாக ஊற்றினோம். மந்தமான ஓவனுக்கு ஈரமான மாவே பொருத்தம். ஆட்டா அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ஓவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லை அடுப்பிலேயே காய வைத்து, ஒரு பக்கம் வேக விட்டுத் திருப்பி, வெந்த பக்கத்தின் மேல் தக்காளியும் சீஸும் வைத்து, தீயைக் குறைத்து மூடிவிடலாம். மேலே பொன்னிறம் வராது, சத்தில் குறைவில்லை.

மேலே என்ன, எவ்வளவு?

சாஸுக்கு நன்கு பழுத்த தக்காளியைக் கையால் நசுக்கி, வடிகட்டியில் வைத்துத் தண்ணீரை வடித்து, பூண்டும் சிட்டிகை உப்பும் சேர்த்தால் முடிந்தது. சமைக்க வேண்டியதில்லை, ஓவனிலேயே வெந்துவிடும். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன், சூடும் கொஞ்சம் எண்ணெயும் சேரும்போது உடம்பில் நன்றாகச் சேரும். கெச்சப்பைப் பூசுவது சுலபம், ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரை இருக்கும்.

சீஸை வில்லனாக்க வேண்டாம். அது புரதமும் கால்சியமும் தருகிறது. ஒருவருக்கு 40 கிராம் போதும். துருவி முழுதும் மூடாமல், சிறு துண்டுகளாகக் கிள்ளி இடைவெளி விட்டு வைத்தால் ஒரு வாயில் சீஸ், மறு வாயில் தக்காளி என்று நாக்குக்கு அலுக்காது. அதற்குப் பதில் பனீர் போட்டால் உருகவில்லையே என்று பலர் குறைப்படுவது உண்டு. மொசரெல்லாவில் பால் புரதங்களைக் கால்சியம் அளவாக இணைத்திருக்கிறது. சூட்டில் அவை நழுவி இழைகளாக நீள்கின்றன. பனீரில் கொதிக்கும் பாலில் அமிலம் ஊற்றித் திரிப்பதால் அந்தக் கால்சியம் கழன்றுவிடுகிறது. புரதங்கள் இறுகிப் பிணைகின்றன. எவ்வளவு சூடாக்கினாலும் அது உருகாது. ஆகவே பனீரைச் சீஸுக்கு மாற்றாக எண்ணாமல், காய்கறி வரிசையில் வைக்கலாம். கடையில் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானத்தில் தாவர எண்ணெய் என்று இருந்தால் அது முழுக்கப் பாலில் செய்த சீஸ் அல்ல.

காய்கறி விஷயத்தில் தாராளம்தான் ஆபத்து. காளான், குடைமிளகாய், கத்திரிக்காய் எல்லாவற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க, அதே தண்ணீரைப் பனிக்கட்டிச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவருவதைவிட ஐந்து மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். பச்சைக் காய்களைக் குவித்தால் ஓவனின் சூடெல்லாம் அதற்கே போய், அடியில் மாவு வேகாமல் கொழகொழத்துவிடும். எனவே காய்களை முதலில் வாணலியில் சுண்ட வதக்கிவிட வேண்டும். இரண்டு கிண்ணம் காய் அரைக் கிண்ணமாகும். அதை முழுக்கப் போடலாம். வேகவைத்த கொண்டைக்கடலை, முட்டை, கோழி இவையெல்லாம் புரதத்துக்கு ஏற்றவை. சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. உப்பும் அவற்றில் மிகுதி. அவற்றைத் தவிர்ப்பதுதான் சரி.

இப்படிச் செய்த ஒரு பீட்சாவில் 100 கிராம் மாவு, 40 கிராம் சீஸ், ஒரு தேக்கரண்டி எண்ணெய் இருக்கும். ஏறக்குறைய 520 கலோரி, சுமார் 7 கிராம் நார்ச்சத்து, சீஸில் இருப்பதையும் சேர்த்து 2 கிராம் உப்பு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இது நியாயமான கணக்கு. ஆனாலும் இது மருந்தல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆட்டாவும் மாவுச்சத்துதான். அவர்கள் பாதி பீட்சாவோடு ஒரு கிண்ணம் சாலட் வைத்துக்கொள்ளலாம். குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்கு, எவ்வளவு நேரம் புளிக்க வைத்தாலும் கோதுமை கூடவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. சனிக்கிழமை இரவு சாப்பிட வேண்டுமானால் வெள்ளிக்கிழமையே மாவைப் பிசைந்து வைக்க வேண்டும். நினைத்தவுடன் கிடைக்காத பண்டத்தை யாரும் வாரம் மூன்று தடவை சாப்பிட மாட்டார்கள். மாவு கேட்கும் அந்த ஒரு நாள் பொறுமை, சத்தைக் கூட்டுவதோடு நாம் சாப்பிடும் அளவையும் தானாகவே குறைத்துவிடுகிறது.