பழைய சிப்பைத் தேடி எதிர்காலத்திலிருந்து யாரும் வர வேண்டாம்

காலப்பயணக் கதைகளில் வரும் கருவிகள் பெரும்பாலும் கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். 1985-ல் வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் காருக்குள் மினுங்கும் ஃப்ளக்ஸ் கெபாசிட்டர் 1.21 ஜிகாவாட் மின்சாரம் கேட்கும். அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் படம் சொல்வதே இல்லை. ஆனால் ஒரு கதை மட்டும் வேறு ரகம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஜான் டைட்டர் என்ற பெயரில் கிளம்பிய புனைவு அது. 2036-ல் வாழும் ஒரு ராணுவ வீரரை 1975-க்கு அனுப்புகிறார்கள். ஐபிஎம் 5100 என்ற கம்ப்யூட்டரை எடுத்துவருவதுதான் அவருக்கு இட்ட வேலை. எதிர்காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய புரோகிராம்களைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய அந்தப் பழைய பெட்டிதான் வேண்டுமாம். ஜப்பானியர்கள் இதையே எடுத்து, ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, 'ஸ்டைன்ஸ் கேட்' தொடரில் ஐபிஎன் 5100 என்று வைத்தார்கள்.

கதையிலிருந்து காலப்பயணத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது முழு உண்மை. விண்கலங்களின் ஆயுள் நீளம், சிப்புகளின் ஆயுள் குறைவு. நாசாவின் விண்வெளி ஓடத்துக்கான பூஸ்டர்களைச் சோதிக்கும் கருவிகளில் இன்டெல் 8086 இருந்தது. 1978-ல் வந்த சிப் அது. 2002-ல் அதற்கு மாற்று கிடைக்காமல், நாசா தரப்பு இணைய ஏலத் தளங்களில் பழைய மருத்துவக் கருவிகளை வாங்கி, அவற்றுக்குள் இருந்த சிப்புகளைக் கழற்றி எடுத்துக்கொண்டது.

நம்முடைய பிஎஸ்எல்வி 1993-ல் முதன்முதலாகப் பறந்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்த வரிசை நிற்கவில்லை. இத்தனை காலமும் ஒரே வெளிநாட்டு சிப்பை நம்பி இருக்க முடியுமா? விற்பவரும் கைவிடலாம், அவருடைய அரசும் தடுக்கலாம். திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் பெயரே 2011 ஜனவரி வரை அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தது.

அந்த மையம் கண்ட வழி, சொந்த ப்ராசஸர். 2009 முதல் நம் ராக்கெட்டுகளை வழிநடத்தியது 16 பிட் விக்ரம் 1601. அதன் அடுத்த தலைமுறை 32 பிட் விக்ரம் 3201. இதைத் தயாரித்தது பஞ்சாபின் மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகம். 1989-ல் தீக்கிரையாகி, மறுபடி எழுந்த ஆலை அது. 2025 மார்ச் 5 அன்று டெல்லியில் மின்னணுத் துறைச் செயலர் எஸ். கிருஷ்ணன் இந்தச் சிப்பை இஸ்ரோ தலைவர் வி. நாராயணனிடம் ஒப்படைத்தார். ஒருவர் தமிழகப் பிரிவு ஐஏஎஸ் அதிகாரி, மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

கையில் எடுத்துப் பார்த்தால் சதுரமான பீங்கான் வில்லை, அடியில் வரிசை வரிசையாக 181 உலோகக் கால்கள். வேகம் 100 மெகாஹெர்ட்ஸ். நம் சட்டைப்பை போனில் இருப்பது அதைவிடப் பல மடங்கு வேகம். டிரான்சிஸ்டர்கள் 180 நானோமீட்டர் ரகம், அதாவது 1999-ல் பென்டியம் 3 தொட்ட அளவு. இதை வைத்து ஏளனம் செய்தவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மைனஸ் 55 டிகிரி முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், அதிர்வுக்கு ஈடுகொடுக்க வேண்டும், மின்னூட்டத் துகள் வந்து மோதினாலும் 0 என்பது 1 ஆகிவிடக் கூடாது. டிரான்சிஸ்டர் பெரிதாக இருந்தால் அப்படிப் புரட்டிப்போட அதிக மின்னூட்டம் தேவைப்படும்.

வேகத்தைவிட நேரம் தவறாமைதான் இங்கே முக்கியம். ராக்கெட் எவ்வளவு முடுக்கம் பெறுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணரிகள் சொல்லிக்கொண்டே இருக்கும். சிப் அதைக் கூட்டிக் கணக்கிட்டு, இப்போது எங்கே இருக்கிறோம், எங்கே இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டு, எஞ்சின் முனையை இம்மி திருப்பச் சொல்லும். அடுத்த சுற்றுக்குள் விடை வந்துவிட வேண்டும். தாமதமாக வந்த சரியான விடையும் தப்பான விடைதான்.

டெல்லி ஒப்படைப்புக்கு முன்பே, முதல் தொகுதியில் வந்த ஒரு விக்ரம் 3201 சிப், 2024 டிசம்பர் 30 இரவு கிளம்பிய பிஎஸ்எல்வி சி60-ல், ராக்கெட்டின் நான்காம் கட்டத்தையே சோதனை மேடையாக்கும் போயம் அமைப்பின் கணினியில் வேலை பார்த்துக் காட்டியது. 1971-ல் அதே டிசம்பர் 30 அன்றுதான் திருவனந்தபுரத்து மையத்துக்குப் பெயர் தந்த விக்ரம் சாராபாய் கோவளத்தில் மறைந்தார்.

டைட்டர் கதையில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அவர் தேடியது வெறும் பெட்டியை அல்ல. பெரிய ஐபிஎம் இயந்திரங்களுக்கு எழுதிய ஏபிஎல் மொழியைப் புரிந்துகொள்ளும் பெட்டியை. சிப் இருந்து மொழி போய்விட்டால் பயனில்லை. விக்ரம் சிப் புரிந்துகொள்ளும் கட்டளைத் தொகுதி இஸ்ரோவின் சொந்தம் என்பதால் அடா மொழிக்கான கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர் எல்லாவற்றையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள். சிப்பைவிட இதையே நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

பழைய புரோகிராம் கைவசம் இருந்தால் மட்டும் போதாது, அது எந்த வரம்புகளை நம்பி எழுதப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது. ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்து வைத்த அடா புரோகிராம், 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்தது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் கூடுதல், எண் அடங்கவில்லை.

சொந்தக் கட்டளைத் தொகுதிக்கு ஒரு விலை உண்டு. அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் இஸ்ரோவுக்கு வெளியே அரிது. அதே திருவனந்தபுரத்தில் வெள்ளையம்பலத்தில் இருக்கும் சி-டாக் நிறுவனம் வேறு வழியில் போனது. உலகமே பொதுவில் பயன்படுத்தும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியில் வேகா ப்ராசஸர்களை உருவாக்கி, மாணவர்கள் பழகுவதற்கு ஏரீஸ் என்ற பலகைகளையும் கொண்டுவந்தது. அதே ஊரின் வட்டியூர்க்காவிலுள்ள இஸ்ரோவின் இனெர்ஷியல் சிஸ்டம்ஸ் பிரிவும் சென்னை ஐஐடியின் சக்தி குழுவும் சேர்ந்து வடித்த ஐரிஸ் சிப்பும் ரிஸ்க்-ஃபைவ்தான். ஒரே ஊரில் இரண்டு பாதைகளும் நடப்பது நல்லது. ஒன்றில் அடைபட்டால் மற்றொன்று திறந்திருக்கும்.

விக்ரமுக்கான சி மொழிக் கம்பைலரும் வந்துகொண்டிருப்பதாகச் சிப் கைமாறிய அன்றே இஸ்ரோ அறிவித்திருந்தது. அது தயாரானதும் சிமுலேட்டரோடு சேர்த்து நாகர்கோவில், திருநெல்வேலி பொறியியல் கல்லூரிகளுக்கும் கொடுத்துவிட வேண்டும். அடா தெரியாத மாணவர்களுக்கும் சி தெரியும். முதல் புரோகிராமை அன்றைக்கே எழுதிவிடுவார்கள்.