ஏற்காட்டு மேஜையில் ஒரு குட்டி ரயில்!

ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. சேலம் ஜங்ஷனில் இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே வர வேண்டும். அதனாலென்ன? வீட்டு மேஜையில் மாடல் ரயில் ஓட்டலாமே! ஆனால், இன்ஜினைத் திருப்பும் டர்ன்டேபிளை வாங்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

முதலில், அது தேவையா? ஊட்டி மலை ரயிலின் 'எக்ஸ்' வகை நீராவி இன்ஜினுக்குத் தனி டெண்டர் இல்லை. திருப்பாமலே முன்னும் பின்னும் ஓடும்.

டெண்டர் கொண்ட 'டபிள்யூ.பி.' இன்ஜின் என்றால் அளவு முக்கியம். நிஜத்தில் சுமார் 24 மீட்டர். 87-ல் ஒரு பங்கான 'ஹெச்.ஓ.' மாடலில் சுமார் 27.5 செ.மீ. முதல் சக்கரத்திலிருந்து டெண்டரின் கடைசிச் சக்கரம் வரை அளந்து, அதைவிடச் சற்று நீளமான டர்ன்டேபிளாக வாங்குங்கள்.

அடுத்து கரண்ட். டர்ன்டேபிள் அரைவட்டம் சுற்றினால் பிளஸ், மைனஸ் இடம் மாறி ஷார்ட் ஆகும். அதைச் சரிசெய்யும் சுவிட்ச் அவசியம். மலைப்பனியில் ப்ளைவுட் ஊறினால் டர்ன்டேபிள் இடிக்கும். வெட்டிய ஓரங்களுக்குப் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி, இன்ஜினை ஏற்றிச் சுற்றிப் பாருங்கள். அளவு தப்பினால் நஷ்டம் ஓர் அட்டைதான்!