ஒரே ரத்தம், ஆறு எழுத்து!
கராச்சர்மா தமிழர்கள் பட்டியலைத் திருத்திய கதை

கராச்சர்மா:
ரயில் ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேலி செய்வது உண்டு. ரயில் இல்லாவிட்டாலும் டிக்கெட் முன்பதிவு இங்கும் உண்டே! அந்தக் கவுண்டரில் கற்ற பாடம் ஒன்று சமீபத்தில் உதவியது.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பட்டியல் ஒன்றைக் கூகுள் ஷீட்டில் வைத்திருக்கிறோம். பெயர், சொந்த ஊர், ரத்தப் பிரிவு, போன் நம்பர். பத்துப் பேர் அவரவர் போனிலிருந்து எழுதுகிறோம். வந்தது அங்கேதான் வினை.

ஒரு நாள் இரவு, பிரசவத்துக்குச் சேர்ந்த பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. நம் நாட்டில் அரிதான பிரிவு அது. சென்னையோ கடல் தாண்டி ஆயிரம் கிலோ மீட்டருக்கும் அப்பால். பட்டியலில் தேடினேன். ஒரே ஒரு பெயர் வந்தது. அவரோ சென்னைக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்!

மனம் கேட்கவில்லை. வரிவரியாகக் கண்ணால் பார்த்தேன். இன்னும் மூவர் இருந்தார்கள். ஒருவருக்கு "ஓ நெக்" என்றும், ஒருவருக்கு ஆங்கில எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போட்டும், ஒருவருக்குக் கடைசியில் ஓர் இடைவெளி விட்டும் எழுதியிருந்தது. பூஜ்யம் போட்டது வேறு யாருமல்ல, நான்தான். மூவரில் ஒருவர் உடனே கிளம்பி வந்தார். தாயும் சேயும் நலம்.

கவுண்டர் தந்த யோசனை

தூத்துக்குடி என்று எழுதினாலும், டூட்டிகோரின் என்று எழுதினாலும் எங்களுக்கு அது "டி.என்."தான். சென்னை சென்ட்ரலுக்கு 2019ல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்ட பிறகும் குறியீடு அதே "எம்.ஏ.எஸ்."தான். எழுத்துக்கூட்டல் லேசான விஷயமல்ல. தமிழக அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணையிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, எழுதுவதை நிறுத்தி, தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தோம். கணினியில் செய்வது சுலபம். தனி ஷீட்டில் எட்டு ரத்தப் பிரிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிறகு "டேட்டா" மெனுவில் "டேட்டா வேலிடேஷன்" போய், டிராப்டவுன் என்பதில் அந்த ஷீட்டைக் காட்டுங்கள். தவறாக எழுதினால் "எச்சரி" என்றும் "மறு" என்றும் இரு வழி உண்டு. மறுப்பதையே தேர்ந்தெடுங்கள், எச்சரிக்கையை நம்மவர்கள் மதிப்பதில்லை! பட்டியல் ஷீட்டை ஒருவர் மட்டுமே திருத்தும்படி பூட்டிவிடுவது நல்லது.

விதி போட்டதும் பழைய தவறுகள் தானாகத் திருந்திவிடாது. அவை சிவப்பு முனையோடு நிற்கும். ஒவ்வொன்றாக நாம்தான் மாற்ற வேண்டும். எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

பெரியவர் கேட்ட கேள்வி

சொந்த ஊருக்குத் தமிழகத்தின் 38 மாவட்டங்களையும் வரிசையாகப் போட்டுப் பெருமைப்பட்டேன். ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, இதுலே என் ஊர் எங்கேப்பா?" என்றார். 1970களில் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவில் குடியமர்த்தப்பட்டவர்களில் ஒருவர் அவர். எனக்கு வெட்கமாகிவிட்டது. இலங்கை, பர்மா, அந்தமான் மூன்றையும் அன்றே சேர்த்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்த மாவட்டத்தைச் சொல்வது?

ரத்தப் பிரிவிலும் "தெரியாது" என்று ஒன்பதாவதாக ஒன்று வைத்தோம். அது இல்லாவிட்டால் சோதனை செய்யாதவரும் ஏதோ ஒன்றைத் தொட்டுவிடுவார். அது வெற்றிடத்தைவிட ஆபத்து.

போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பரில் மாற்றினார்களே, அப்போதைய முகவரிகளும் கிடக்கின்றன. பட்டியலில் பெயரை மாற்றினாலும் முன்பு தேர்ந்தெடுத்த கட்டங்கள் பழைய பெயரோடுதான் நிற்கும். "கண்டுபிடித்து மாற்று" வசதியால் அதையும் முடிக்க வேண்டும்.

வேறோர் இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சும்மா ஒட்டினால் விதியே அழிந்துவிடும். கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் ஒட்டும்.

"தெரியாது" வரிசையில் இன்னும் பலர் இருக்கிறார்கள். வரும் ஞாயிறு முதல் வீடு வீடாகப் போய், சோதனைக்கு அழைத்து வர இருக்கிறோம்.