பின்பனிக் காலத்துக் கணக்கு

காலை ஐந்தரை மணிக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்பும்போது கழுத்தைச் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு வேண்டியிருக்கிறது. எட்டு மணிக்குத் திரும்பும்போது அதே துண்டு வியர்வை துடைக்கப் பயன்படுகிறது. மாசி மாதத்து மதுரை இது. எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவருபவர் இன்னும் காதுகளை மூடி மஃப்ளர் கட்டியிருக்கிறார். தெருமுனைக்கு இளநீர் வண்டி வந்துவிட்டது. சிவராத்திரியோடு பனி 'சிவசிவ' என்று போய்விடும் என்பார் என் பாட்டி. 'மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று சொன்னவரும் அவரே. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சொலவடைகளை ஒரே வாய் எப்படிச் சொல்கிறது என்று சிறுவயதில் குழம்பியதுண்டு. அந்த முரண் பருவத்தினுடையது என்பது பின்னாளில்தான் விளங்கியது.

நம் இலக்கண மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கோ ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம். மார்ச் முதல் மே வரை பருவமழைக்கு முந்தைய காலம். அந்தப் பகுப்பில் பின்பனியின் முதல் இரு வாரங்கள் குளிர்காலத்திலும், எஞ்சிய நாள்கள் கோடையிலும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பெயர் வைப்பதில் உள்ள வேறுபாடு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால், பெயரில்லாத காலத்துக்குக் கணக்கும் இல்லாமல் போகிறது என்பதுதான் என் கவலை. தமிழ்நாட்டின் பல பயிர்களின் ஓராண்டு வருவாய் முடிவாவது இந்த இரண்டு மாதங்களில்தான்.

இக்காலம் இப்படித் தடுமாறுவதற்குக் காரணம் எளியது. வடகிழக்குப் பருவமழை விலகியபின் காற்றில் ஈரம் குறைந்து வானம் தெளிகிறது. மேகப் போர்வை இல்லாததால் பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் விரைந்து வெளியேறுகிறது, விடியற்காலை குளிர்கிறது. அதே வேளையில் சூரியன் வடக்கு நோக்கி நகர்ந்து வருகிறது. மார்ச் மூன்றாம் வாரத்தில் நிலநடுக்கோட்டின் மேலும், ஏப்ரல் நடுவில் ஏறத்தாழ மதுரையின் உச்சியிலும் அது நிற்கும். பகல் கோடையாகவும் இரவு குளிர்காலமாகவும் இருப்பது இதனால்தான். இடையே கிழக்குத் திசைக் காற்றின் அலையொன்று வங்கக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்தால், யாரும் எதிர்பாராத நாளில் மழையும் பெய்துவிடும்.

மல்லிகையை எடுத்துக்கொள்வோம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, பனிக்கு அஞ்சும் செடி. மார்கழி, தையில் அரும்பு வைப்பது குறைகிறது. வைத்ததும் சிறுத்துப் போகிறது. பொங்கலும் தை மாத முகூர்த்தங்களும் வருவது அப்போதுதான். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு கிலோ நான்காயிரம் ரூபாயைத் தொட்டது என்று அந்த நாள்களில் செய்தி வருகிறது. மாசி வெயில் ஏற ஏறச் செடி விழித்துக்கொள்கிறது. பங்குனியில் மூட்டை மூட்டையாக வரத்து. விலை சில நூறு ரூபாய்க்கு இறங்குகிறது. விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும் என்று பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிரிகரி கிங் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. கோதுமையை வைத்துச் சொல்லப்பட்ட அவ்விதியை, கோதுமை வயலைக் கண்ணால் பார்த்திராத மாணவர்களுக்குக் கோதுமையை வைத்தே பல்லாண்டுகள் நடத்தினேன். முன்வரிசை மாணவியரின் தலையிலேயே எடுத்துக்காட்டு இருந்ததைக் கவனிக்கத் தவறியது என் பிழை.

நிலக்கோட்டைப் பக்கம் அரை ஏக்கரில் மல்லி போட்டிருக்கும் உறவினர் ஒருவர் இதை விதியெல்லாம் இல்லாமல் சொல்வார்: "விலை இருக்கையில் பூ இல்லை, பூ இருக்கையில் விலை இல்லை." நாளிதழில் வரும் நான்காயிரம் ரூபாயைப் பார்த்து அவரை வாழ்த்துபவர்கள் உண்டு. அன்றைக்கு அவர் தோட்டத்தில் கிடைத்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஈரச் செடியில் விரல் மரத்துப்போகப் பறிக்கும் பெண்களுக்குக் கூலி எடைக்கு என்றால், பனிக்காலத்தில் அவர்களுக்கும் ஒன்றும் தேறாது. பிப்ரவரியிலேயே வெயில் கடுமையானால் எல்லாத் தோட்டமும் ஒரே வாரத்தில் பூத்து, விலை சரியும் நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. மல்லியை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. மிஞ்சுவதை நறுமண எண்ணெய் ஆலைகள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொள்கின்றன.

மாவுக்கு வேண்டியது வேறு. பூப்பதற்கு இரவுக் குளிர் தேவை. பிஞ்சு பிடிக்க மிதமான வெயில் தேவை. இடையில் மேகமூட்டமும் ஈரமும் வந்தால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பூங்கொத்தைக் கருக்கிவிடுகின்றன. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வியாபாரிகள் பூவைப் பார்த்தே தோட்டத்தைக் குத்தகை பேசுவது வழக்கம். விவசாயி வானத்தின் மீதான தன் அச்சத்தை வியாபாரிக்கு விற்றுவிடுகிறார் என்பதே இதன் பொருள். அச்சத்தை விற்பவருக்கு நல்ல விலை கிடைப்பதில்லை.

வெயிலாவது படிப்படியாக வருகிறது. மழை ஓரிரவில் வந்துவிடும். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் காவிரிப் படுகையில் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லைச் சாய்த்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமடைந்த பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என மாநில அரசு அறிவித்தது. சாயாமல் தப்பிய நெல்லுக்கும் சிக்கல் இருந்தது. கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. அதை 22 வரை தளர்த்தக் கோரி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத, மத்தியக் குழு வந்து பார்வையிட்டது. குழு வந்து போகும்வரை நெல் காத்திருக்க வேண்டும். ஈர நெல் காத்திருந்தால் முளைத்துவிடும்.

இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும், ஈரோட்டு மஞ்சளும் வெட்டவெளியில் காய்வது இதே மாதங்களில். தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தி கட்டி உப்பு விளையத் தொடங்குவதும் இப்போதுதான். ஒரே ஒரு மாசி மழை மிளகாயை நிறம் மங்கச் செய்யும். உப்பளத் தொழிலாளிக்குப் பல நாள் வேலையைப் பறிக்கும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கு இடமுண்டு. ஆனால், அது வயலில் பரப்பிக் காயவைத்த விளைபொருளுக்கு, அறுவடையிலிருந்து 14 நாள்கள் வரை மட்டுமே. இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். வயலிலிருந்து களத்துக்குப் போய்விட்ட மிளகாய்க்கு இந்த விதியில் இடம் தேடுவது கடினம்.

இது நம் மாநிலத்துக்கு மட்டும் உரிய துன்பமன்று. 1901-க்குப் பிறகு மிக வெப்பமான மார்ச் என்று வானிலைத் துறை பதிவுசெய்தது 2022-ஐ. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் பால் பிடிக்கும் பருவத்தில் இருந்த கோதுமை மணிகள் சுருங்கின. உக்ரைன் போரால் வெளிச்சந்தை விலை உயர்ந்ததும் சேர்ந்துகொள்ள, முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 433 லட்சம் டன்னாக இருந்த அரசுக் கொள்முதல் 188 லட்சம் டன்னாகச் சரிந்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டே, பகல்நேர வெப்ப சராசரியில் பிப்ரவரி புதிய உச்சம் தொட்டது. பனி விடைபெறும் இரண்டு வாரங்கள் முன்பின்னாவது ஒரு நாட்டின் வணிகக் கொள்கையையே திருப்பிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது வரவேற்கத்தக்கது. எனினும், பேரிடர் என்ற சொல்லுக்குள் அடங்குபவை பெரிய இழப்புகளே. பின்பனிக் கால இழப்பு சிறியது, சிதறியது, ஒருவருக்கு எட்டாயிரம், இன்னொருவருக்கு ஐந்து நாள் கூலி. அதற்குக் குழு வருவதில்லை. நெல்லைப் பொறுத்தவரையேனும் ஒன்று செய்யலாம். குறித்த அளவு மழை வட்டார மழைமானியில் பதிவானால் அந்த வட்டாரத்தில் ஈரப்பத வரம்பு தானாகவே தளரும் என்று விதியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். கடிதமும் குழுவும் தேவைப்படாது. ஈர நெல்லை வாங்கினால் கிடங்கில் கெடும், அரவையில் அரிசி குறையும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆகவே, விதியோடு கூடவே நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரங்களும் வந்தாக வேண்டும். அவற்றுக்கு ஆகும் செலவையும், ஒவ்வொரு முறையும் தரும் நிவாரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கணக்கை நிதித் துறை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். மல்லிக்கும் மிளகாய்க்கும் இத்தனை எளிய வழி எனக்குத் தென்படவில்லை. மழைமானியைக் கொண்டு இழப்பீடு கொடுக்கலாம் என்றால், மானி இருக்கும் ஊரில் பெய்யாத மழை பக்கத்து ஊர்க் களத்தில் பெய்துவிடுகிறது. மானிகளை நெருக்கமாக அமைப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நேற்று மாலை கோயில் வாசலில் பூக்கார அம்மாளிடம், "என்னம்மா, பனி போய்விட்டதே, இனி விலை இறங்குமா?" என்று கேட்டேன். அவர் அண்ணாந்து பார்த்தார். கிழக்கே லேசாக மேகம் திரண்டிருந்தது. "ராத்திரி தூறல் போட்டா நாளைக்கு வரத்து இருக்காது, ஐயா. எதுக்கும் இன்னைக்கே ரெண்டு முழம் கூட வாங்கிக்குங்க" என்றார்.