வேம்பின் கசப்பும் பொறிவண்டின் பசியும்

சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில், தருமபுரிக்கும் அரூருக்கும் இடையே அமைந்துள்ள மொரப்பூர் வட்டாரம், மானாவாரி மேட்டு நிலங்களும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் கலந்து கிடக்கும் வறட்சிப் பகுதியாகும். குச்சிக்கிழங்கு என்று உள்ளூரில் வழங்கப்படும் மரவள்ளியும் பருத்தியும் பயிராகும் இப்பகுதியில், வரப்போரங்களிலும் சாலையோரங்களிலும் வேம்பும் புங்கனும் தாமாகவே வளர்ந்து நிற்பதால், பூச்சி கண்ட பயிருக்கு வேப்பங்கொட்டைச் சாற்றையோ வேப்பெண்ணெயையோ தெளிப்பது செலவு குறைந்த, கைக்கெட்டிய வழியாக இருந்துவருகிறது. செடியிலிருந்து எடுத்த மருந்து தீமை செய்யும் பூச்சியை மட்டுமே தாக்கும், நன்மை செய்யும் பூச்சியைத் தொடாது என்ற நம்பிக்கையும் அந்த வழக்கத்தோடு சேர்ந்தே பரவியிருக்கிறது. அந்த நம்பிக்கை பாதி உண்மை என்பதும், மறுபாதியை அறியாமல் தெளிப்பதால் உழவருக்குக் கூலியின்றி உழைக்கும் உயிர்கள் அழிகின்றன என்பதும் விரிவாகப் பேசப்பட வேண்டியவையாகும்.

வயலில் காணப்படும் பூச்சிகளில் பயிரைத் தின்பவை சிலவே. அவற்றைப் பிடித்துத் தின்னும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, தட்டான், கும்பிடுபூச்சி போன்றவை இரைவிழுங்கிகள் எனப்படும். பூச்சியினத்தைச் சேராத சிலந்தியும் இவற்றோடு வைத்து எண்ணப்படுகிறது. ஒரு பூச்சியின் முட்டைக்குள்ளோ உடலுக்குள்ளோ தன் முட்டையை இட்டு, அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும் சிறு குளவிகள் ஒட்டுண்ணிகள் எனப்படும். இவ்விரண்டு வகையும் சேர்ந்தே இயற்கை எதிரிகள் என்று வேளாண் அறிவியலில் குறிப்பிடப்படுகின்றன.

மாவுப்பூச்சி பிடித்த ஒரு மரவள்ளி இலையைத் திருப்பி அதன் அடிப்புறத்தை உற்றுப் பார்த்தால், வெண்பஞ்சு ஒட்டியதுபோலத் தோன்றும் அந்தப் பரப்பில் இருப்பவை அனைத்தும் மாவுப்பூச்சிகள் அல்ல என்பது விளங்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், இருந்த இடத்திலேயே இருந்து சாறு உறிஞ்சுபவை மாவுப்பூச்சிகள். அவற்றின் நடுவே, அவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியதாக, நீண்ட வெள்ளை மெழுகு இழைகளை உடல் முழுவதும் தொங்கவிட்டுக்கொண்டு சுறுசுறுப்பாக ஊர்ந்து திரிவது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுவாகும். 1898 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த வண்டு, புழுப் பருவத்தில் தன் இரையைப் போலவே வெள்ளை உடை தரித்திருப்பதால், பெரிய மாவுப்பூச்சி என்று தவறாக எண்ணப்பட்டு மருந்துக்கு இரையாகிறது. அதே இலையில் ஸ்பால்ஜிஸ் என்னும் சிறு பட்டாம்பூச்சியின் புழுவும் சில வேளைகளில் தென்படும். இலை தின்னும் புழுக்களே மிகுந்த பட்டாம்பூச்சிக் குலத்தில் மாவுப்பூச்சியைத் தின்று வளரும் அரிய புழு இது. தான் தின்ற பூச்சிகளின் மெழுகை மேலே பூசிக்கொண்டு மறைந்திருக்கும் இப்புழு கூட்டுப்புழுவாக மாறும்போது, அக்கூட்டின் மேற்பரப்பு குரங்கின் முகத்தைப் போலவே தோற்றமளிக்கும். இவற்றையெல்லாம் அடையாளம் காணாமல் தெளிக்கப்படும் எந்த மருந்தும், அது வேம்பிலிருந்து வந்ததாயினும், கண்ணைக் கட்டிக்கொண்டு வீசும் கத்திதான்.

வேம்பு எவ்வாறு செயல்படுகிறது என்பதை அறிந்தால்தான், அது எந்த உயிரை விட்டுவைக்கிறது, எதைப் பாதிக்கிறது என்பது தெளிவாகும். வேப்பங்கொட்டையின் பருப்பில் உள்ள பல கசப்புப் பொருள்களில் முதன்மையானது அசாடிராக்டின் ஆகும். 1959 ஆம் ஆண்டில் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் மற்ற மரங்களையெல்லாம் மொட்டையாக்கிவிட்டு வேம்பை மட்டும் விட்டுச் சென்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கவனித்தார். 1968 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அப்பொருள் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அசாடிராக்டின் தொட்டவுடன் கொல்லும் நஞ்சன்று. அது பட்ட இலையைத் தின்ன விடாமல் பூச்சியைத் தடுக்கிறது. மீறித் தின்ற இளம் பூச்சியின் உடலில் தோலுரிப்பை நடத்தும் இயக்குநீர் உரிய நேரத்தில் சுரப்பதைக் குலைத்துவிடுவதால், அப்பூச்சி பழைய தோலைக் கழற்ற முடியாமல் சாகிறது அல்லது உருக்குலைந்த வண்டாகவோ அந்துப்பூச்சியாகவோ வெளிவருகிறது.

இந்தச் செயல்முறையில்தான் இரைவிழுங்கிகளுக்கான பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. நஞ்சு பெரும்பாலும் வயிற்றின் வழியாகவே வேலை செய்கிறது. பொறிவண்டும் சிலந்தியும் இலையைத் தின்பதில்லை. மேலும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் சில நாள்களிலேயே அசாடிராக்டின் சிதைந்துவிடுவதால், தெளித்த பின் வயலுக்கு வரும் இயற்கை எதிரிகளுக்கு இலைமேல் நஞ்சு காத்திருப்பதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஆய்வுகளில், நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்திக்கும் புகையானின் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சிக்கும் வேப்பெண்ணெயால் ஏற்படும் தீங்கு குறைவு என்று அறியப்பட்டது. நம்பிக்கையின் உண்மைப் பாதி இதுவாகும்.

ஆனால் பொறிவண்டின் புழுவும் தோலுரித்தே வளர வேண்டிய உயிர். இரைவிழுங்கியின் தோலுரிப்பையும் பயிர் தின்னியின் தோலுரிப்பையும் ஒரே இயக்குநீர்தான் நடத்துகிறது என்பதால், போதிய அளவு அசாடிராக்டின் உள்ளே சென்றுவிட்டால் அது நண்பன், பகைவன் என்று பார்ப்பதில்லை. ஏழுபுள்ளிப் பொறிவண்டைக் கொண்டு ஆய்வுக்கூடங்களில் செய்யப்பட்ட சோதனைகளில், மருந்து நேரடியாகப் பட்ட புழுக்கள் உடனே சாகாமல் ஊர்ந்து திரிந்து, வண்டாக மாறும் கட்டத்தில் மடிந்தன. வளர்ந்த வண்டுகளோ பெரும்பாலும் தப்பின. வயலில் ஒருவர் தெளித்த மறுநாள் சென்று பார்த்தால் புழுக்கள் உயிரோடு இருப்பதைக் கண்டு மனநிறைவு கொள்வார். ஆனால் அடுத்த தலைமுறை வண்டுகள் வாராமற்போகும் இழப்பு அவர் கண்ணுக்குப் புலப்படாது. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் பற்றி ஸ்பெயினில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: அசாடிராக்டின் உட்கொண்ட பெண் பூச்சிகள் இறக்கவில்லை, ஆனால் முட்டையிடுவது குறைந்தது, மருந்து நின்ற பிறகு அவை மீண்டும் முட்டையிடத் தொடங்கின. இலையிலிருந்து மயிரிழை போன்ற காம்பில் நிற்கும் அதன் முட்டைகளை எண்ணிப் பார்க்காத எந்தச் சோதனையும் இந்தப் பாதிப்பைக் கண்டறிந்திருக்காது.

இத்தகைய தீங்குகளை அளவிட, உயிரியல் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டு அமைப்பு ஒரு தர வரிசையை வகுத்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மருந்தினால் நன்மை செய்யும் பூச்சிகளில் 30 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாதிப்பு நேர்ந்தால் அது தீங்கற்றது. 30 முதல் 79 வரை சிறிது தீங்கானது. 80 முதல் 99 வரை நடுத்தரத் தீங்கு. அதற்கு மேல் தீங்கானது. ஆய்வுக்கூடத்தில், மருந்து பூசிய கண்ணாடிமேல் பூச்சிகளை நாள் முழுவதும் விட்டுச் சோதிக்கையில் தீங்கான பட்டியலில் சேரும் மருந்தே, வெயிலும் காற்றும் ஒளிய இடமும் உள்ள வயலில் தீங்கற்றதாக அமைவதுண்டு. வேம்பு சார்ந்த மருந்துகளில் இவ்வேறுபாடு பெரிதாக இருக்கிறது. ஆகவே வேம்பு நல்லதா கெட்டதா என்ற கேள்வி பயனற்றது. எவ்வளவு, எப்போது, எந்தப் பருவத்துப் புழு இருக்கையில் என்பவையே கேட்கத் தக்க கேள்விகள்.

வேம்புக்குச் சொல்லும் விடையை எல்லாச் செடிக்கும் சொல்லிவிட முடியாது. புகையிலைச் சாற்றில் உள்ள நிகோட்டின், பூச்சியின் நரம்பை நேரடியாகத் தாக்கும் தொடுநஞ்சு. தின்ன வேண்டியதில்லை, மேலே பட்டாலே போதும், அதன் ஆவியை மூச்சுத்துளை வழியே ஏற்றாலும் போதும். அசுவினி சாகும் அதே நொடியில், அதைத் தின்று கொண்டிருக்கும் பொறிவண்டும் அருகில் பறக்கும் ஒட்டுண்ணிக் குளவியும் தேனீயும் சாகின்றன. இன்று தேனீக்களின் அழிவுக்காக உலகெங்கும் குற்றஞ்சாட்டப்படும் நியோநிகோட்டினாய்டு என்னும் செயற்கை மருந்துகள் நிகோட்டினின் செயல்முறையையே பின்பற்றுபவை. பெயரும் அதிலிருந்தே வந்தது. பைரெத்ரம் என்னும் சாமந்தி வகைப் பூவின் பொடியும் இவ்வாறே இனம் பிரிக்காமல் வீழ்த்துவது. இயற்கை வேளாண்மையில் பரவலாக அறியப்பட்ட அக்னி அஸ்திரம் என்னும் கரைசலில், பூண்டு, பச்சை மிளகாய், வேப்பிலை ஆகியவற்றோடு புகையிலையும் கோமியத்தில் கொதிக்க வைக்கப்படுகிறது. அந்தக் கரைசலை நொச்சி, எருக்கு, ஆடாதொடை, வேம்பு, புங்கன் போன்ற தழைகளை ஊறவைத்துத் தயாரிக்கும் ஐந்திலைக் கரைசலோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது பெருந்தவறாகும். பூச்சியை வயலிலிருந்து விலக்குவது பூச்சிவிரட்டி; கொல்வது பூச்சிக்கொல்லி. கோ. நம்மாழ்வாரைப் போன்றோர் தமிழ்நாட்டு உழவரிடையே பரப்பிய பூச்சிவிரட்டி என்ற சொல்லின் அருமை, புகையிலை சேர்ந்தவுடன் இல்லாமற்போகிறது.

மரவள்ளியின் அண்மைக்கால வரலாறு இந்த எச்சரிக்கைக்கு வலுச் சேர்க்கிறது. 2008 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி எனப் பரவி, எந்த மருந்துக்கும் அடங்காமல் தமிழ்நாட்டு உழவர்களை நிலைகுலையச் செய்தது. மெக்சிகோ பகுதியைத் தாயகமாகக் கொண்ட அப்பூச்சிக்கு இங்கே இயல்பான எதிரி இல்லை என்பதால், 2010 ஆம் ஆண்டில் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனத்தின் வழியாகத் தருவிக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உதவியோடு பெருக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டன. ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள அக்குளவிகள் சில மாதங்களில் அப்பூச்சியை அடக்கின. பின்னர், 2020 ஆம் ஆண்டில் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் மற்றோர் இனம் சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களின் குச்சிக்கிழங்குத் தோட்டங்களில் நுனிக் குருத்துகளைச் சுருட்டிக் கொத்தாக்கியபோது, ஆப்பிரிக்காவில் 1980களில் அதே பூச்சியை அடக்கிய அனகைரஸ் லோபெஸி என்ற குளவி பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, 2022 ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. கடல் கடந்து வந்த இந்தக் குளவிகள் தோட்டத்தில் நிலைகொள்ளும் வாரங்களில் புகையிலைக் கரைசலையோ, அளவு மீறிய வேப்பெண்ணெயையோ தெளிப்பது, அழைத்து வந்த விருந்தினரை வாசலிலேயே அடித்து விரட்டுவதற்கு ஒப்பாகும்.

அளவு மீறுவது எங்கே நிகழ்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பரிந்துரைக்கப்படும் 5 விழுக்காட்டு வேப்பங்கொட்டைச் சாறு என்பது, நிழலில் உலர்த்திய 5 கிலோ பருப்பை இடித்துப் பொடியாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டிய பால் போன்ற சாற்றை 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்ப்பதாகும். கொட்டை பொறுக்கி மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும்; எட்டுப் பத்து மாதங்களுக்கு மேல் ஆனால் வீரியம் குன்றிவிடும். மரத்துக்கு மரம் பருப்பின் அசாடிராக்டின் அளவு மாறும். கடைகளில் விற்கும் தயாரிப்புகளோ 0.03 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடு வரை வேறுபடும். வேம்பு மெதுவாக வேலை செய்வதால், தெளித்த மறுநாளும் பூச்சி உயிரோடு இருப்பதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி, மூன்றாம் நாளே இருமடங்கு கெட்டியாகத் தெளிப்பதும், சோப்பை அள்ளிச் சேர்ப்பதும் வழக்கமாகிவிடுகின்றன. எண்ணெயும் சோப்பும் மிகுந்தால் மெல்லிய தோலுடைய புழுக்களின் மூச்சுத்துளைகள் அடைபடும். அங்கே நஞ்சே தேவையில்லை, மூச்சடைப்பே கொன்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு தீங்கு பசியாகும். நாளொன்றுக்கு ஐம்பது அசுவினிகள் வரை தின்னக்கூடிய பொறிவண்டு, மருந்தினால் ஒரே வாரத்தில் அசுவினி முழுவதும் ஒழிந்த பருத்தி வயலில் தங்காது. பறக்க முடியாத அதன் புழு, இரையின்றி ஒன்றையொன்று தின்று மடியும். பூச்சியே இல்லாத வயல் நல்ல வயல் என்று எண்ணுவது இவ்விடத்தில் உழவருக்கே எதிராகத் திரும்புகிறது. இரைவிழுங்கிகள் அகன்ற வயலில் அடுத்து வந்து சேரும் அசுவினிக் கூட்டம் தடையின்றிப் பெருகுகிறது. இதனால்தான் தோட்டம் முழுவதும் விசைத்தெளிப்பானால் நனைப்பதைவிட, பூச்சி கண்ட செடிகளுக்கு மட்டும், தேனீக்கள் அடங்கிய மாலை வேளையில், வெயில் சிதைக்காத நேரம் பார்த்துத் தெளிப்பது மேலானதாகிறது. பருத்தியைச் சுற்றி வரப்போரம் ஒரு வரிசை தட்டைப்பயறு விதைப்பதும் இதே நோக்கம் கொண்டதாகும். அப்பயறில் வரும் கரிய அசுவினியைத் தின்று பெருகும் பொறிவண்டுகள், பருத்தியில் அசுவினி தலைகாட்டும்போது அங்கே சென்று சேர்கின்றன. பயறுக் கொழுந்தில் அசுவினி எவ்வளவு அடர்ந்து கறுத்திருந்தாலும், அந்த ஒரு வரிசையின்மீது வேம்பு உட்பட எந்தக் கரைசலும் படாமல் விட்டுவிட வேண்டும்.