முகாமில் பிறந்த பிள்ளைக்கு இது புது ஊர்

1990 இல் படகேறிப் போன உங்களுக்கு இது ஊர் திரும்புதல். மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ பிறந்த உங்கள் பிள்ளைக்கு இது முதற்பயணம். இரண்டு கரையிலும் தமிழ்தானே என்று பெற்றோர் நினைப்பதுண்டு. ஆனால் முதற் சிக்கல் பெரும்பாலும் பேச்சில்தான் வருகிறது.

“டீச்சர் என்கிட்ட பேசினாங்க” என்று பிள்ளை வந்து சொன்னால், அம்மம்மா பதறிப்போவார். இங்கே பேசுவதென்றால் ஏசுவது. சாதாரணமாகச் சொல்வதற்குக் கதைப்பது என்போம். கச்சேரிக்குப் போகவேண்டும் என்றால் பிள்ளை பாட்டுக் கேட்கப் போவதாக எண்ணும். நீங்கள் போவதோ மாவட்டச் செயலகத்துக்கு. காணியைச் சென்ட் கணக்கில் கேட்டுப் பழகியவருக்குப் பரப்பு விளங்காது (16 பரப்பு ஓர் ஏக்கர்). இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஆனால் வகுப்பில் “இந்தியாக்காரி” என்று பட்டம் வைத்து, அதனால் பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்தால் அதைச் சிறு விடயமாக விடாதீர்கள். அன்றே வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். வீட்டில் உறவினர்கள் பகிடி பண்ணுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளையின் பேச்சைத் திருத்த அவசரப்பட வேண்டாம், அது தானாக மாறும்.

படிப்பில் வித்தியாசம் கூட. அங்கே பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு; இங்கே தரம் 11 இல் க.பொ.த. சாதாரண தரம். சமயம் இங்கே பரீட்சைப் பாடம். தண்டி யாத்திரையைப் படித்த பிள்ளை எல்லாளன், துட்டகைமுனு கதையை இங்கேதான் முதன்முதலாகக் கேட்கும். இரண்டாம் மொழியான சிங்களத்தில் ஓர் எழுத்தும் தெரியாமல் வந்து உட்காரும். கெட்டிக்காரப் பிள்ளையும் முதல் தவணையில் குறைந்த புள்ளி எடுக்கலாம். அதற்காகப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பாதீர்கள். அங்கு பெற்ற மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அதிபரிடம் காட்டி, எந்தத் தரத்தில் சேர்ப்பது என்று கலந்து பேசுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரசாவுரிமை. இந்தியாவில் பிறந்த பிள்ளை, பெற்றோர் இலங்கையர் என்பதால் மட்டும் தானாகப் பதிவாகிவிடுவதில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து பிரசாவுரிமைச் சான்றிதழ் பெற்றிருந்தால் பத்திரமாக வையுங்கள். பெறாவிட்டால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எப்படி என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இந்தியப் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், போட்டோப் பிரதியைக் கொடுங்கள். இது தாமதித்தால் தேசிய அடையாள அட்டை தாமதிக்கும். அட்டையில்லாமல் பரீட்சை மண்டபத்தில் பிள்ளை படும் பாடு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முகாமில் சுவரோடு சுவராக வீடு, கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். இங்கே வளவு பெரிது, பக்கத்து வளவு பற்றையாகக் கிடக்கும். இரவில் பிள்ளைகளும், சிலவேளை மனைவியும் பயப்படுவது இயல்பு. முதற் சில வாரங்களுக்கு உறவினர் ஒருவரை வந்து தங்கச் சொல்வது நல்லது.

பற்றை என்றதும் ஒன்று. மண்டையோட்டுப் படமிட்ட சிவப்புப் பலகை எதற்கென்று உங்களுக்குத் தெரியும், முகாமில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது. விறகு பொறுக்கவோ பந்து எடுக்கவோ போகுமுன், அதைக் கூட்டிப்போய்த் தூரத்தில் நின்று காட்டுங்கள். துருப்பிடித்த எதையாவது கண்டால் தொடாமல், வந்த காலடி வழியே திரும்பி வந்து உங்களிடம் சொல்லப் பழக்குங்கள். நீங்கள் கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.